டிரில் மாஸ்டர் கொடுத்த வாக்குமூலம்

அருளானந்தம் “சாவ்தான்” என்று குரல் கொடுத்தார். மைதானத்தில் ஒருவனும் குதிகாலைச் சேர்க்கவில்லை.

அது 1965, ஜனவரிக் கடைசி. என்.சி.சி. காக்கி உடுப்பில் வரிசையாக நின்ற பையன்கள் கைகளைத் தொங்கப்போட்டபடி அவரையே பார்த்தார்கள். அவர் மறுபடியும் சொன்னார். முன்வரிசையில் நின்ற மகாவீரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கால்களும் அசையவில்லை. பிறகு அவன்தான் மெதுவாகச் சொன்னான்: “தமிழ்ல சொல்லுங்க சார், நிக்கிறோம்.”

தமிழில் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இந்தி என்று அவருக்குத் தெரிந்ததே அந்த அணிவகுப்புச் சொற்கள்தான். அதையும் என்.சி.சி. அதிகாரியாக உடுப்புப் போடுவதற்காக முகாமுக்குப் போய் நாக்குப் புரளாமல் தடுமாறிக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தியை வாய்விட்டுக் கத்துகிற ஒரே ஆள் அவர்தான். மதராஸ் ராஜ்யம் முழுக்கப் பையன்கள் இந்திக்கு எதிராகத் தெருவில் இறங்கியிருந்த அந்த மாதத்தில் அது சின்ன விஷயமில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “சரி, போங்க” என்றார். அதற்கு மட்டும் எல்லோரும் ஒரே சமயத்தில் கீழ்ப்படிந்தார்கள்.

செஞ்சியில் அவரை டிரில் மாஸ்டர் என்றால்தான் தெரியும். பக்கத்தில் கிறிஸ்தவர்களான வேதக்காரர் கிராமம் ஒன்றில் கேழ்வரகு விதைத்த குடும்பம். வயது நிரம்பியதும் நிரம்பாததுமாக மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் கட்டவும் பாலத்தைத் தகர்க்கவும் கற்றுக்கொண்டார். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் சிறைப்பட்டார். யுத்தம் முடிந்து திரும்பியபோது பெற்ற தாய்க்கே அவரை அடையாளம் தெரியவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் பெங்களூர்ப் பட்டாள முகாமில் ஓடத் தொடங்கினார். ராணுவப் போட்டிகளில் ஐந்து மைல் ஓட்டத்தில் வெள்ளிக் கோப்பை வாங்கினார். வலது முழங்கால் கெட்ட பிறகு ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பிள்ளைகள் கிடையாது. விடிகாலையில் கோட்டை மதிலை ஒட்டிப் பையன்களை ஓடவிட்டுப் பின்னாலேயே சைக்கிள் மிதிப்பார். மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கத்திக்கொண்டே வருவார். அவர் வீட்டுக் கேழ்வரகுக் கூழ் பாதி இந்தப் பையன்களின் வயிற்றுக்குத்தான் போனது.

அவர்களில் நன்றாக ஓடுகிறவன் மகாவீரன். மேல்சித்தாமூர் சந்திரநாத நைனாரின் மகன். தகப்பனாருக்கு மல்லாட்டை வியாபாரம், ஊர் ஊராக வேர்க்கடலை வாங்கி விற்பார். பையன் சைக்கிளில்தான் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். அதை வீட்டிலேயே போட்டுவிட்டு ஓடியே வரப் பழக்கியவர் அருளானந்தம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பட்டணத்துக் கல்லூரியில் ஓட்டத்துக்காகவே அவனுக்கு இடம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கிளர்ச்சியால் மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் பிப்ரவரியில் மறுபடி திறந்தது. தலைமையாசிரியர் கோதண்டராமன் அவரைக் கூப்பிட்டு, பிரார்த்தனை முடிந்ததும் வெளிக் கேட்டைப் பூட்டிவிடச் சொன்னார். ஊர்வலம் போகப் போவதாகக் கேள்வி, வெளியூர்களில் துப்பாக்கிச் சூடே நடந்திருக்கிறது, ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆனாலும் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கைகளைப் பிசைந்தார். அருளானந்தத்துக்கும் அதே பயம்தான். அன்று என்.சி.சி. நாள், உடுப்பில் இருந்தார். கேட்டைப் பூட்டி, முதுகை அதில் சாய்த்து நின்றார்.

பையன்கள் கூட்டமாக வந்து அவருக்கு எதிரில் நின்றார்கள். அவரைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. மகாவீரன் பூட்டைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், திரும்பி நடந்தான். அடுத்த நிமிஷம் பின்பக்கச் சுவரில் தாவி ஏறினான். கையை ஊன்றிக் காலை வீசி அப்படிச் சுவர் தாண்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். மற்றவர்களும் அதேபோலத் தாண்டினார்கள். அவர் பூட்டிய கேட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

கோஷம் போட்டுக்கொண்டே போனவர்கள் தபால் ஆபீஸ் பலகையில் இருந்த இந்தி எழுத்தின் மேல் தாரைப் பூசினார்கள். போலீஸ் வந்தது. தடியைக் கண்டதும் கூட்டம் சிதறியது. ஒரு கும்பல் மட்டும் தனக்குக் கால் பழகிய இடத்துக்கு ஓடியது. ராஜகிரிக் கோட்டையின் படிகளில் ஏறி உச்சிக்குப் போய்விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் துரத்திக்கொண்டு போகவில்லை. அடிவாரத்து வாசலில் ஆட்களை நிறுத்திவிட்டு, டிரில் மாஸ்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

“மாஸ்டர், மேல போறதுக்கு ஒரே வழி. எறங்கறதுக்கும் அதே வழி. நான் இங்கயே உக்காந்திருந்தா பசி தாங்காம தானா வந்துடுவானுங்க. ஆனா கடலூர்ல இருந்து ரிசர்வ் போலீஸ் வந்துகிட்டு இருக்குது. அவங்க உக்காந்திருக்க மாட்டாங்க. நீங்க போயி கூட்டியாந்துடுங்க. யார் மேலயும் கை வெக்க மாட்டேன். பேரு கூடக் கேக்க மாட்டேன்.”

அருளானந்தம் ஏறினார். பாதி மலைக்குமேல் ஒவ்வொரு படிக்கும் முழங்கால் தனியாகக் கத்தியது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். நடுவே பாதாளம், அதன்மேல் ஒரு மரப்பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டினால்தான் உச்சி. அதனால்தான் அந்தக் காலத்தில் இந்தக் கோட்டையை யாராலும் சுலபமாகப் பிடிக்க முடியவில்லை. பையன்கள் எதிர்ப்பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கல் குவித்து வைத்திருந்தார்கள். அவர் பாலத்தின் நடுவுக்கு வந்ததும் யாரோ ஒருவன், “அந்த உடுப்போட இந்தப் பக்கம் வராதீங்க சார்” என்றான்.

அவர் நின்றார். முன்னே போக வழியில்லை. பின்னே போய்ச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. கெட்ட முழங்காலை நீட்டிப் பலகைமேலேயே உட்கார்ந்துகொண்டார். கீழே பிளவுக்குள்ளிருந்து சில்லென்று காற்று வந்தது.

மகாவீரன் எழுந்து பாலத்தின் ஓரம்வரை வந்தான். உதடு வெடித்திருந்தது. “கேட்டப் பூட்டுனதும் நீங்க. இப்ப கூப்பிட வந்ததும் நீங்க. நீங்க எந்தப் பக்கம் சார்?”

இதே கேள்வியை அவரிடம் முன்பும் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு பெரிய விளையாட்டு மைதானம். சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களையெல்லாம் அங்கே உட்காரவைத்து, வெள்ளைக்காரனுக்குச் செய்த சத்தியம் பெரிதா, நாட்டின் விடுதலை பெரிதா என்று விடுதலைப் படைக்கு ஆள் சேர்த்தவர்கள் கேட்டார்கள். அவரைச் சுற்றிலும் ஆட்கள் எழுந்து நின்று கூவினார்கள். சிலர் அழுதார்கள். அருளானந்தம் எழவில்லை. செய்த சத்தியத்தை மீற மனம் வரவில்லை. எழுந்தவர்கள் செய்வது தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. எழாதவர்களை ஜப்பான்காரர்கள் கப்பலில் ஏற்றி ஏதோ ஒரு தீவுக்கு மண் சுமக்க அனுப்பினார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஊருக்கு வந்த பிறகு, விடுதலைப் படையில் சேராத கோழை என்று சிலர் சொன்னார்கள். விசுவாசமான சிப்பாய் என்று வெள்ளைக்காரத் துரை கை கொடுத்தபோது அது அதைவிடக் கசந்தது. மனைவி ராயம்மாளிடம்கூட இதை அவர் பேசியதில்லை. இந்தப் பையன்களிடமும் பேசவில்லை.

“எனக்குத் தெரியலடா” என்றார். “உங்க காலு ஒடையக் கூடாது. அது மட்டும்தான் தெரியுது.”

பின்பக்கச் சரிவில் இறங்கித் தப்பிவிடலாம் என்று ஒருவன் முணுமுணுத்தான். அவர் அந்தச் சரிவில் இளமையில் ஏறிப் பார்த்தவர். முள்ளும் உருளும் பாறையும்தான், இறங்குவதற்குள் இருட்டிப் பாதியில் சிக்கிக்கொள்வீர்கள் என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் கொடுத்த வாக்கையும் சொன்னார். அதை நம்பலாமா என்று மகாவீரன் கேட்டான். “நான் நம்பறேன்” என்றார் அருளானந்தம். அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பாலத்துக்கு வந்தார்கள். மகாவீரன் கடைசியாக வந்தான். அவர் எழுந்திருக்கக் கை நீட்டினான்.

இளையபெருமாள் அன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போலீஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிட, பையன்கள் பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் மேல்சித்தாமூரிலிருந்து மகாவீரனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடச் சுவரில் ‘காட்டிக் கொடுத்த டிரில் மாஸ்டர்’ என்று கரியால் எழுதியிருந்தது. வகுப்புகளுக்கு இடையே அவர் நடந்து போனபோது பேச்சு நின்றது. சாயங்காலம் பள்ளி விட்டதும் நேராக ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் சந்திரநாத நைனார் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குச் சட்டி. முந்தின நாள் மலையில் பட்டினி, வீடு வந்தபோது இருட்டிவிட்டது, இன்று காலையில் சாப்பிட உட்கார்ந்தபோதே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள், கொண்டுவந்த சோற்றை உள்ளே விட மேலே கேட்க வேண்டும் என்கிறார்கள், விளக்கு வைத்துவிட்டால் பிறகு அவன் சாப்பிட மாட்டான் என்று சொன்னார். அவர்கள் சமணர்கள், வீட்டில் பொழுது போன பிறகு யாரும் சாப்பிடுவதில்லை.

அருளானந்தம் உள்ளே போய், வாக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டார். இளையபெருமாள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “என் வாக்கு என் ஸ்டேஷன் வரைக்கும்தான் மாஸ்டர். தார் பூசுனதுக்குத் தலைவன் ஒருத்தன் வேணும்னு மேல இருந்து உத்தரவு. பேரு நான் குடுக்கல. யாரோ குடுத்துட்டாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்கு அனுப்பணும்.” சோற்றை மட்டும் தன் பொறுப்பில் உள்ளே விடச் சொன்னார். அதற்குள் விளக்கு ஏற்றிவிட்டார்கள். சட்டி அப்படியே திரும்பி வந்தது.

மார்ச்சில் பரீட்சை. வழக்கு என்று வந்துவிட்டால் பரீட்சையும் போகும், கல்லூரியும் போகும். விடிந்ததும் அருளானந்தம் அடுப்படியில் ராயம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து, தான் செய்யப் போவதைச் சொன்னார். அவள் கூழைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்த உடுப்புக்குக் கஞ்சி போட்டு எங் கையிதான் தேஞ்சுது. போனா போவுது” என்றாள். “ஆனா ஆண்டவர் மேல ஆணை வெச்சிப் பொய் சொல்லாதீங்க. சும்மா சொல்லுங்க.”

அவர் முழு உடுப்பில் ஸ்டேஷனுக்குப் போனார். மகாவீரன் ஊர்வலத்தில் போகவில்லை, தபால் ஆபீஸ் பக்கமே வரவில்லை என்றார். தான்தான் அவனையும் மற்றவர்களையும் காலையிலேயே ஓட்டப் பயிற்சிக்காக ராஜகிரிக்கு அனுப்பியதாகவும், இறங்க நேரமானதால் தானே போய்க் கூட்டிவந்ததாகவும் வாக்குமூலம் எழுதச் சொன்னார். இளையபெருமாள் பேனாவைத் திறக்கவில்லை. கேட்டைப் பூட்டிக்கொண்டு அவர் நின்றதை ஊரே பார்த்திருந்தது.

“பள்ளிக்கூட நேரத்துல, உத்தரவு இல்லாம, அன்னிக்குப் பாத்து பசங்கள வெளிய அனுப்புனீங்கன்னு ஆவும். உடுப்பு போயிடும் மாஸ்டர். வேலையும் நிக்குமா தெரியாது.”

“தெரியும். எழுதுங்க.”

எழுதினார்கள். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க ஒரு பொய்த் தகவல் கொடுக்காத அந்த ஆள் கையெழுத்துப் போட்டார். ஆனால் அது மட்டும் போதாது. பையனும் அதையே சொல்ல வேண்டும். மகாவீரனை வெளியே கொண்டுவந்தார்கள். பட்டினியில் கண் உள்ளே போயிருந்தது. பயிற்சிக்குத்தான் மலைக்குப் போனாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவன் அருளானந்தத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு அவன் பார்வை, கதவோரம் நின்ற தகப்பனாரிடம் போனது. நைனார் மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“ஆமாம்” என்றான் மகாவீரன். இரண்டு வாக்குமூலங்களும் ஒன்றாக இருந்ததால் இன்ஸ்பெக்டர் அவனை விட்டுவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் நைனார் அருளானந்தத்தின் கைகளைப் பிடித்துக்கொள்ள வந்தார். அதற்குள் பையன் நடுவில் நின்றான். “நான்தான் தார் பூசினேன் சார். ஜெயிலுக்குப் போவேன்னு தெரிஞ்சேதான் பூசினேன். அத ஓட்டப் பயிற்சின்னு எழுதிட்டீங்களே. இனிமே நான் அத செஞ்சேன்னு சொன்னா நீங்க பொய்யரு. செய்யலன்னா நான் பொய்யன்.”

நைனார் அவன் தோளைப் பிடித்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அருளானந்தம் ஸ்டேஷனுக்கும் தெருவுக்கும் நடுவே வெயிலில் நின்றார்.

அந்த மாதமே அவருடைய என்.சி.சி. பதவியை எடுத்துவிட்டார்கள். பள்ளி வேலையிலிருந்தும் தற்காலிகமாக நிறுத்தினார்கள். கேட்டைப் பூட்டச் சொன்னது தான்தான் என்று கோதண்டராமன் ஒப்புக்கொண்டால் வாக்குமூலம் பொய்யாகிவிடும் என்பதால், அந்த மனிதர் உதவ நினைத்தும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜூனில் ஒருவழியாக வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் அவரைப் போலீஸ் ஆள் என்றார்கள். மீதிப் பேர், பையன்களைத் தூண்டிவிட்டவரே அவர்தான் என்றார்கள். இரண்டுக்கும் அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால் அந்தப் பையனின் பெயர் வரும். மைதானத்தின் ஒரு மூலையில் புதிதாக வந்த கணக்கு வாத்தியார் உடுப்புப் போட்டுக்கொண்டு அணிவகுப்பு நடத்தினார். மறு மூலையில் அருளானந்தம் வெள்ளைக் கால்சட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் தூக்கக் கற்றுக்கொடுத்தார்.

மகாவீரன் பரீட்சை எழுதினான். ஒரு நாளும் மைதானத்துக்கு வரவில்லை. சொல்லிக்கொள்ளாமலே பட்டணத்துக்குப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் அவலூர்ப்பேட்டைச் சந்தையில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே சந்திரநாத நைனாரை அவர் பார்த்தார். நைனார் அவரை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தார். பையன் நன்றாகப் படிக்கிறான் என்றார். பிறகு தயங்கினார்.

“காலேஜ்ல ஓடறானாம் மாஸ்டர். மொதல்ல வர்றானாம். யாரு கத்துக் குடுத்ததுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறானாம்.”

அருளானந்தம் மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

“சொல்ல வேணாம்” என்றார். “அவனுக்குக் கடைசிச் சுத்துல இடது கெண்டைக்கால்ல சதை புடிச்சிக்கும். ஓடறதுக்கு மின்னாடி தண்ணியில ஒரு கல் உப்பு போட்டுக் குடிக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”