போரன் போடாத வில்லை

“கறை எண்டுதான் மகள் நான்—”

“கறை இல்ல மாமி, அது கறையே இல்ல—”

“ஒண்டு மழமழப்பா இரிக்கி, மத்தது திட்டுத் திட்டா. நாப்பதாம் கத்தம் ஓத ஆக்கள் வாற வீடு. சோத்துச் சஹனோட சேத்து சாம்பலும் மணலும் போட்டுத் தேய்ச்சன். அதுக்கு இப்பிடியா?”

முனவ்வறா ஈர உலோக வில்லைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் இப்போது ஒரே பளபளப்பு. எது எதென்று தெரிய, பின்புறம் அவள் கணவன் மிஹ்லார் மார்க்கரால் எழுதியிருந்த இலக்கங்களும் இல்லை. டெங்குக் காய்ச்சலில் அவன் மவுத்தாகி முப்பத்தெட்டு நாள். ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் டைட்டேனியம் வார்த்தவன் மருதமுனையில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த இரண்டு வில்லைகளைத்தான்.

“உருக்கின உலோகம் உறையக்குள்ள உள்ளுக்கு மணி மணியா வளருமாம் மாமி. சும்மா விட்டா பெரிய மணி, லேசா வெடிச்சிரும். போரன் எண்டு ஒரு சாமான், ஆயிரத்தில ஒரு பங்கு போட்டாக் காணும். மணிட ஓரத்தில நிண்டு வளர விடாது. நீங்க கறை எண்டு நினைச்சது போரன் போடாதது. அமிலத்தில தோய்ச்சி, பெரிய மணிய வெறுங்கண்ணுக்குத் தெரியப் பண்ணியிருந்தார். எனக்குக் காட்ட.”

“திரும்பத் தோய்ச்சா வராதா?”

“வரும். அவர் வேல செஞ்ச இடத்தில ஆரும் செய்வாங்க. அவர் செஞ்சது வராது.”

மிஹ்லாரின் உம்மா ஹாஜறா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒருநாளும் அவன் இதச் சொல்லல்ல.”

“நீங்க கேக்கல்லயே.”

சொன்ன பிறகுதான் முனவ்வறாவுக்கு நாக்குக் கசந்தது.

“கேட்டா மட்டும் எனக்கு விளங்குமா? கலியாணம் முடிச்சி உங்கட வீட்டுக்கு வந்த புள்ள. உடுப்பெல்லாம் ஏழாம் நாளே ஏழ எளியதுக்குச் சதக்கா குடுத்தாச்சி. சாய்ந்தமருதுல என்ட ஊட்டுல அவன்ட எண்டு ஒரு பேனையும் இல்ல. ரெண்டு இரிக்கே, ஒண்டக் கேப்பம் எண்டுதான் தேய்ச்சன். ஊத்தையோட கொண்டுபோக மனமில்ல.”

முனவ்வறா வில்லைகளை வெயிலில் பிடித்தாள். நகத்தால் சுரண்டினாள். எடை பார்ப்பதுபோல் இரண்டு கைகளிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒன்றை மாமியின் கையில் வைத்து, சாம்பல் ஒட்டியிருந்த விரல்களை மூடிவிட்டாள்.

ஹாஜறா அதை முந்தானையில் துடைத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“இது எது மகள், வெடிக்கிறதா, வெடிக்காததா?”