குழியை நிரப்பிய ஊசி

"வெந்நீர்த் துணி, சீக்கிரம்!" என்று டாக்டர் கத்தியதும், நர்ஸ் ஓடிவந்து தன் தங்கையின் தொடையில் துணியை வைத்து அழுத்தினாள். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்துக் கிடந்தது.

"எங்கேம்மா ஊசி போட்டுக்கிட்டே?"

"ஏதோ பார்லர்ல, காலையில." தங்கை வலியில் பல்லைக் கடித்தாள். "தொடையில கொழுப்பால விழுற குழி, இந்த செல்லுலைட்டெல்லாம் போயிடும்னாங்க."

"வீட்ல நர்ஸ் அக்காவை வச்சுக்கிட்டு பார்லருக்குப் போனியா? ரொம்ப நல்லாயிருக்கு! ஃபில்லர்னு போடுற இந்த ஊசி மருந்து குழியைக் கொஞ்ச நாளைக்கு மேடாக்கிக் காட்டும், அவ்வளவுதான். செல்லுலைட் அங்கேயேதான் இருக்கும். இப்ப ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ஜெல் வகைன்னா கரைக்க மருந்து இருக்கு. கால்சியம் வகைன்னா அந்த மருந்துக்குக் கேட்காது, தோலே அழுகிடும். எதுன்னு சொல்லு!"

"எனக்குத் தெரியாது டாக்டர்." தங்கை அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

நர்ஸுக்கு இது பதினோரு வருட வேலை. மருந்துப் பெட்டியைப் பிரித்ததும் மருந்தின் வகை அச்சிட்ட ஸ்டிக்கரை உரித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவது அவள் விரல்களுக்கே பழகிப்போன காரியம். வெளுப்பு முழங்காலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் திருப்பி நீட்டினாள். அதன் முதுகில் ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"ஜெல்தான் டாக்டர். நம்ம அலமாரியிலேருந்து எடுத்தேன். ஒட்ட ஃபைல் இல்லை, கை தானா இங்கே ஒட்டிடுச்சு. ஊசி போட்டது நான்தான்."