மணிமாறனின் குவாலிஸ் ஏன் அதிர்ந்தது

வண்டியில் சத்தம் வருகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டியே தீர வேண்டும். ஒருவர் உறுமுவார். ஒருவர் நாக்கை மடித்து டொக்டொக் என்பார். போன வாரம் ஒரு பெரிய மனிதர், நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர், என் முன்னால் நின்று கொண்டு நாலு நிமிஷம் விசிலடித்தார். நான் மெக்கானிக். எனக்கு வண்டியைக் கொடுங்கள், ரோட்டைக் காட்டுங்கள், போதும். பலகுரல் நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் பாருங்கள். சேந்தமங்கலத்தில் ஷெட் போட்டிருக்கும் கஸ்பார் மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று ஊரில் சொல்கிறார்கள். விசிலடித்தால் யாருக்குத்தான் வராது?

மணிமாறன் வாயால் செய்து காட்டவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. கோழித்தீவனக் கம்பெனியில் தீவனத்தின் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. வயது முப்பத்தேழு. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுத்தான் பாலுக்குக்கூடப் போவார். அப்பா காலத்துக் குவாலிஸ் ஒன்றைப் புதுவண்டி போல் வைத்திருந்தார்.

"அம்பத்தஞ்சுக்கு மேல ஆரம்பிக்குதுங்ணா. எழுவதுல ஜாஸ்தி. கால் வைக்கிற எடத்துலயும் சீட்டுலயும் அதிருது, ஸ்டியரிங்ல இல்லீங்க" என்றார்.

எந்த வண்டிக்காரரும் எனக்கு இவ்வளவு சுத்தமாக நோயைச் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் இன்ஜின் மவுன்டிங் ரப்பரை மாற்றிவிட்டேன். அதிர்வு அப்படியே இருந்தது. அதனால் என்ன, பழைய ரப்பர், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். இரண்டாம் முறை வந்தபோது, "டயராத்தான் இருக்குமுங்ணா" என்று அவரே சொன்னார். நாலு சக்கரத்தையும் கழற்றி பேலன்ஸ் பார்த்து மாட்டினோம். டயரெல்லாம் குழந்தைபோல் சமத்தாக இருந்தன. வண்டி மட்டும் எழுபதைத் தொட்டதும் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது.

மூன்றாம் முறை சனிக்கிழமை காலை வந்தார். இந்த முறை அவருடைய அம்மா ஆத்தாயியும் வந்திருந்தார். முன்சீட்டிலிருந்து இறங்கி, நான் போட்ட ஸ்டூலை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கையில் செல்போன்.

"ஏனுங்க மேஸ்திரி, இன்னிக்காச்சும் என்னான்னு தெரிஞ்சு போடுமுங்களா? இல்லாட்டி நாளைக்கு வாழப்பாடிக்கு வரலீன்னு புரோக்கருக்குச் சொல்லிப்போடறேன். அவரு பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு."

நாளைக்கு வாழப்பாடியில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பெண் பெயர் ஸ்ரீதேவி, பள்ளிக்கூட டீச்சர்.

"வண்டி சரியில்லாட்டி என்னங்கம்மா? ஒரு வாடகைக் காரை வெச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்றேன்.

"காருக்காகச் சொல்லலீங்க. இந்தப் பொண்ணு ஜாதகம் வந்த நாள்ல இருந்துதான் வண்டி இந்த ஆட்டம் ஆடுது. ஆகாதுன்னு சொல்லுதுங்க அது." மணிமாறன் பக்கம் பார்க்காமலே, ஆனால் அவருக்குக் கேட்கட்டும் என்றே பேசினார். "எத்தனை ஊட்டுல போயி பஜ்ஜி தின்னுபோட்டு வந்துருப்போம்? ஒரு ஊட்டுல வயசு ஜாஸ்தின்னாங்க. ஒரு ஊட்டுல தோட்டம் பத்தாதுன்னாங்க. ஒரு ஊட்டுல எதுவுமே சொல்லலீங்க, போனையே எடுக்கலீங்க. எனக்குப் பழகிப்போச்சு. ஆனா அவனுக்கே ஆசையில்லீங்களே. கேட்டா, 'உங்க இஷ்டம்மா'ங்கறான். மரக்கட்டையாட்டம். வேண்டாம்ங்கற பையனை நான் எதுக்குங்க ஊரூரா கூட்டிக்கிட்டுப் போயி அவமானப்படுத்தோணும்? நாளைக்கிப் போகலீன்னா இதோட உட்டுப்போடறேன். இனிக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்."

மணிமாறன் பின் டயரின் பள்ளமேடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. தீவனத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் ஷெட்டுதானா மண்டபம்? சாவியை வாங்கிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டி ரோட்டில் வண்டியை விட்டேன். மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுபது வந்ததும் வழக்கம்போல் கால்களுக்கு அடியில் உறுமல் கிளம்பியது. கியரை எடுத்து நியூட்ரலில் விட்டேன். இன்ஜின் அடங்கிற்று, உறுமல் அடங்கவில்லை. அப்படியானால் இன்ஜின் காரணமில்லை. சக்கரத்தில் குறையிருந்தால் மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போடும். இது தேனீக்கூட்டில் கைவிட்டாற்போல் விடாமல் ரீங்கரிக்கிற அதிர்வு. சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிற ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. குவாலிஸில் அப்படிச் சுற்றுவது வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் ஜாயின்ட் ஷாஃப்ட். இன்ஜினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புக் குழாய் அது.

"கிராஸ் போயிருச்சுங்க தம்பி" என்றேன். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற இணைப்புக்கு நாங்கள் கிராஸ் என்போம். "வண்டியக் குழி மேல ஏத்தி அடியில எறங்கிப் பாக்கணும்."

"ஷாஃப்டா இருக்காதுங்ணா. டயரையே இன்னொருக்கா பாத்தர்லாமுங்க."

"டயரை அன்னிக்கே பாத்தாச்சுங்களே."

"குழியில மழைத்தண்ணி நிக்குதுங்களே."

"தண்ணிய நான் எறைச்சுக்கறேன். நீங்க தீவனம் கலக்கறப்ப நான் வந்து தவிட்டை அள்ளிப் போடறனா? வாய மூடிக்கிட்டு வாங்க!"

கத்திவிட்டேன். படித்தவர், மரியாதையானவர், அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரும்ப இறக்கினார்.

குழித்தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு வண்டியை மேலே நிறுத்தி, கைவிளக்கோடு இறங்கினேன். பின்னாலேயே சளக் என்று சத்தம். பார்த்தால் மணிமாறன், ஷூவோடு சேற்றில் நிற்கிறார். வண்டிக்காரர்கள் என் குழியில் இறங்குவது கிடையாது. விசிலடித்தவர்கூட மேலே நின்றுதான் விசிலடித்தார்.

இரண்டு கிராஸையும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன. கிராஸ் போய்விட்டது என்று சொன்ன வாய்க்கு இது கொஞ்சம் வருத்தம்தான். ஷாஃப்டைக் கையால் மெல்ல உருட்டினேன். நடுப்பகுதியில், மேல்பக்கம் மறைந்திருந்த ஒரு புடைப்பு கீழே வந்தது. சேறு அப்பி ஷாஃப்டின் நிறத்திலேயே இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். முதலில் கறுப்பு டேப். அதற்கு அடியில் கட்டுக்கம்பி, நன்றாக முறுக்கி, முனை மடக்கி, கை தேர்ந்த வேலை. அதற்கும் அடியில் சிவப்புக் கயிறு சுற்றிய செப்புத் தகடு, பெருவிரல் பருமனுக்குச் சுருட்டியது. கம்பியை வெட்டி, கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல கனம். இவ்வளவு கனத்தை ஒரே பக்கத்தில் கட்டினால் எந்த ஷாஃப்டும் பேயாட்டம்தான் ஆடும்.

"மாதாவே" என்றேன். நான் வேதக்காரன்.

"மெதுவா பேசுங்ணா" என்றார் மணிமாறன். "மேல அம்மா இருக்காங்க."

"இதென்னங்க தம்பி?"

"தகடுங்க."

"அது தெரியுது. ஷாஃப்ட்ல எப்படி வந்துச்சு?"

"நாந்தான் கட்டுனேன்." குரல் தணிந்துவிட்டது. "மலையடிவாரத்துல ஒரு பூசாரிங்க. ஒரு மண்டலத்துக்கு ஓயாம ஓடற பொருள்ல கட்டி வெய்யி, கல்யாணம் கூடி வரும்னாரு. கெணத்து மோட்டார் பாதி நேரம் நிக்குதுங்க, கரண்ட் வரதில்ல. சக்கரத்துல கட்டினா வெளிய தெரியும். இன்ஜின்ல சூடு, கயிறு கருகிப்போயிடும். அதான் யோசிச்சுப் பாத்து..."

"யோசிச்சுப் பாத்து?"

"இதைவிட வேகமா ஓடற பொருள் எங்க ஊட்டுல இல்லீங்ணா."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சிரிக்கிற யோக்கியதையும் எனக்குக் கிடையாது. என் சம்சாரம் தெரசம்மாள் என் ஸ்பானர் பெட்டி மூடியில் அந்தோணியார் படம் ஒட்டியிருக்கிறாள். சாமான் தொலையாமலிருப்பது அவரால்தான் என்பாள். நானும் அதைக் கிழித்துப் பார்த்ததில்லை.

"கட்டின மறுநாளே ஆட ஆரம்பிச்சிருக்குமே. அவுத்திருக்கலாமில்ல?"

"ரெண்டு தடவை அவுக்கறக்குன்னு அடியில போயிப் படுத்தேனுங்க. ஜாதகம் வேற வந்துருச்சு. அவுத்தா கூடி வரதும் கூடாமப் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. ஆட்டம் மட்டும் நின்னாப் போதும்னுதான் டயரைப் பாருங்க பாருங்கன்னேன்." கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிராதீங்ணா. மந்திரிச்ச கயிறு ஒண்ணு கொண்டாந்து குடுத்தாங்க ஒருக்கா. நான் படிச்சவன், எனக்கா கட்டறீங்கன்னு பிச்சு வீசிட்டேன். ரோட்டுல கெடந்த கம்பி சுத்திக்கிச்சுன்னு சொல்லிருங்க."

பாவமாகப் போய்விட்டது. சரி என்றேன். கம்பி சுற்றிக்கொள்வது நடக்கிறதுதான், இந்த ரோட்டில் வைக்கோல்கூடச் சுற்றும். வெளியே ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே என்று விளக்கையும் தகட்டையும் குழியின் விளிம்பில் வைத்தேன். இந்த மாதிரி மடத்தனத்துக்கெல்லாம் அந்தோணியார் பொறுப்பில்லை.

ஆத்தாயி அங்கேதான் நின்றிருந்தார். செல்போன் காதில். "சித்த இருங்க புரோக்கரே, மேஸ்திரி மேல வாராரு" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். தகட்டைக் கையில் எடுத்தார். டேப்பையும் சிவப்புக் கயிற்றையும் பார்த்தார்.

"ஐயோ, செய்வினை!" என்று அலறினார். ரோட்டில் போன மொபெட்காரர் நின்றுவிட்டார். "என்ற பையன் வண்டியில செய்வினை வெச்சுப்போட்டாங்களே! அதானே பார்த்தேன். எந்தப் பங்காளி வெச்சானோ தெரியலியே!"

"அம்மா, அது சும்மா கம்பிங்க" என்றேன். செப்புத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் அதைச் சொன்ன மேஸ்திரி உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"கம்பியா? எனக்குத் தெரியாதுங்களா? இதைக் கட்டுனவன் கை வெளங்காமப் போகோணும்! அவன் குடும்பம் தழைக்கக் கூடாது! எத்தனை வருஷமா என்ற பையன் தனிமரமா நிக்கறானோ, அத்தனை வருஷம் அவனும்..."

"அம்மா, வேண்டாம்!" மணிமாறன் குழிக்குள்ளிருந்து கத்தினார். விளிம்பில் கை ஊன்றி ஏறியதில் சட்டை முழுக்க கிரீஸ். "சபிக்காதீங்கம்மா. கட்டுனது நாந்தான்."

ஆத்தாயிக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"நீயா? உன்ற வண்டிக்கு நீயே எதுக்கு சாமி செய்வினை வெச்சே?"

"செய்வினையில்லம்மா. எனக்குக் கல்யாணம் ஆகோணும்னு கட்டுனேன்."

வண்டி அதற்கப்புறம் ஆடவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குவாலிஸ் வைத்திருப்பவர்கள் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். எண்பது வரை விரட்டிப் பார்த்தேன், சீட்டில் உட்கார்ந்து தூங்கலாம்.

அந்த நேரத்தில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மொபெட்காரரை முறைத்தேன், அவர் போய்விட்டார். ஆத்தாயி மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கறப்பெல்லாம் 'உங்க இஷ்டம்'பியே சாமி."

"வேற என்னம்மா சொல்றது? எனக்கு ஆசையா இருக்குதுன்னு சொல்லி, அவங்க வேண்டாம்னுட்டா, உங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" மணிமாறன் சட்டைக் கிரீஸைத் துடைக்கப் போய் இன்னும் ஈஷிக்கொண்டார். "ராத்திரி ஊட்டுக்கு வந்தா எனக்குப் பேச ஆளில்லம்மா. நீங்க ஏழரைக்கே படுத்துக்கறீங்க. எனக்குத் தாங்கல."

ஆத்தாயி கிட்டே வந்தார். முந்தானை நுனியை எடுத்து மகன் கன்னத்துச் சேற்றைத் துடைத்தார். கன்னம் முழுக்க சேறில்லை, ஆனாலும் முழுக்கத் துடைத்தார். அப்போதுதான் செல்போனுக்குள்ளிருந்து "அலோ, அலோ" என்று சின்னதாக ஒரு குரல் வந்தது. புரோக்கர் லைனிலேயே இருந்திருக்கிறார். எல்லாம் கேட்டிருப்பார். அந்த ஆளுக்கு இதெல்லாம் காதில் விழாமலா இருக்கும்?

ஆத்தாயி போனைக் காதில் வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஏனுங்க, நாளைக்கு வாரோமுங்க. பொண்ணூட்டுல சொல்லிப்போடுங்க." கொஞ்சம் நிறுத்தி, மகனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "தோட்டம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவுங்கறதை எல்லாம் பொறவு சொல்லிக்கலாமுங்க. பையனுக்கு ரொம்ப ஆசைன்னு மொதல்ல சொல்லுங்க."