காக்காவின் பிழை

உயர்தரப் பரீட்சைக்கு ஸாஜித் மூன்றாவது தடவையாகத் தோற்ற இருந்த வருடத்தில்தான், அவனைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை அப்னா முதல் தடவையாகத் தோற்ற இருந்தாள். இருவரும் கணிதப் பிரிவு. சனிக்கிழமைகளில் சாய்ந்தமருதிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் கல்முனைக்குப் போய், கிளெய்டன் சேரின் பௌதிகவியல் வகுப்பில் இருப்பார்கள். உட்காரும் வாங்குகளில் முன்னுள்ளவை பெண்பிள்ளைகளுக்கு, பின்னுள்ளவை ஆண்பிள்ளைகளுக்கு.

ஸாஜித்துக்கு மற்றப் பாடங்கள் பரவாயில்லை. இரண்டு தடவையும் அவனைக் கைவிட்டது பௌதிகவியல்தான். இரண்டிலும் வெறும் 'எஸ்', ஆகக் கீழான சித்தி. மூன்றாம் தடவைக்கு வாப்பா மீராமுகைதீன் சம்மதித்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"தங்கச்சிக்குக் கீழ புள்ளி வந்திச்செண்டா புத்தகத்தக் கட்டி வெச்சிரு. மாமா கட்டாருக்கு வேலைக்கு எடுக்கிறன் எண்டு சொல்லிட்டுத்தான் இரிக்கார்."

"சோத்துக்கு முன்னால கட்டாரக் கொண்டு வராதீங்க" என்றார் உம்மா சுல்பிகா.

வாப்பா வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். பகிடியையும் கண்டிப்பையும் ஒரே குரலில்தான் சொல்வார், பிரித்தறிவது கடினம். அதற்குப் பிறகு வகுப்பில் சோதனை நடந்தால், அன்றிரவு இரண்டு பேரின் புள்ளிகளையும் கேட்பது வழக்கமாயிற்று. ஒவ்வொரு முறையும் ஸாஜித்துக்குக் கொஞ்சம் கூட, அப்னாவுக்குக் கொஞ்சம் குறைவு. வாப்பா தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சேர் ஒரு சோதனை வைத்தார். அதில் உயர்த்தி, அதாவது லிப்ட், பற்றிய கணக்கு ஒன்று வந்தது. கீழே இறங்கிக்கொண்டிருக்கும் உயர்த்தி வேகம் குறைந்து நிற்கப் போகிறது. உள்ளே தராசின் மேல் நிற்பவரின் நிறையை அது கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? கூட்டிக் காட்டும் என்பதே விடை. ஸாஜித், இறங்குகிற உயர்த்திதானே என்று குறைத்துவிட்டான். இதே பிழையை அவன் முன்பும் பல தடவை விட்டிருக்கிறான்.

அன்றே திருத்தி விடைத்தாள்களைக் கொடுக்கும்போது சேர் இரண்டை மட்டும் ஒன்றாகப் பிடித்தார்.

"என்ன ஸாஜித், உங்கட வீட்டில ஒரே சட்டியிலதான் பிழையும் ஆக்கிறதோ? தங்கச்சியும் அச்சொட்டா உன்னப் போலத்தான் எழுதியிருக்கிறா."

வகுப்பு சிரித்தது. "அப்னா முன்னுக்கு இரிந்தவ சேர், பின்னால திரும்பிப் பாத்தெழுத அவக்குப் பிடரியில கண்ணா?" என்றான் பக்கத்திலிருந்த முர்ஷித். அப்னா குனிந்தபடி தாளை மடித்துப் பையில் வைத்தாள். ஸாஜித்துக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு ஐம்பது.

அடுத்த நாள் பெருநாள் உடுப்பு எடுக்க உம்மா இருவரையும் கல்முனைக்கு அழைத்துப் போனார். புடவைக்கடைக்கு மூன்று மாடி. மேல் மாடியில் துணி பார்த்துவிட்டு லிப்டில் இறங்கினார்கள். கீழே வந்து நிற்கும் தறுவாயில் உம்மா ஸாஜித்தின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நிக்கக்குள்ள கால் கனக்குது மனே. நோன்புக் களைப்போ தெரியா."

"களைப்பில்ல உம்மா" என்றாள் அப்னா. "இறங்கி வந்து வேகம் குறையக்குள்ள ஆர்முடுகல், வேகம் மாறுற பக்கம், மேல் நோக்கித்தான். தரை நம்மளக் கூடத் தள்ளும். அதான் கனக்கிற."

கதவு திறந்தது. ஸாஜித் அப்படியே நின்றான். பின்னாலிருந்த ஆள், "தம்பி, இறங்கிறீங்களா, திரும்பவும் மேல போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தான்.

உம்மா செருப்புக் கடைக்குள் போனதும் அவன் அப்னாவை வாசலில் நிறுத்தினான்.

"நேத்து ஏன் புள்ள பிழையா எழுதின?"

"மறந்து போச்சி காக்கா."

"ஒரு நாளில ஞாபகம் வந்திட்டா? அது என்ட பிழை, ஒண்டாப் படிக்கிற உனக்கு அது தெரியும். நீ விடுற பிழை எனக்குத் தெரியும், அலகு எழுதாம விடுவாய். இது நீ விடுற பிழையே இல்ல."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க கட்டாருக்குப் போக ஏலாது" என்றாள் பிறகு. "நான் கணிதம் எடுக்க வேணாமெண்டு வாப்பா சொன்ன நேரம் ஆரு எனக்காகக் கதைச்ச? நீங்கதானே."

"அதுக்கு? பெரிய பரீட்சையிலயும் எனக்காகக் குறைச்சி எழுதுவியா?"

"அதில சரியா எழுதுவன்."

"பிழையா எழுதிப் பழகின கை அண்டைக்கி மட்டும் சொல்லுக் கேக்குமா?"

அப்னா உம்மாவைத் தேடிக் கடைக்குள் போனாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஸாஜித் கணக்குப் பார்த்தான். பேசாமல் இருந்தால் பரீட்சை வரைக்கும் அவன் மேலே, அவள் கீழே. யாரும் கேட்கப் போவதில்லை. அவன் இத்தனை நாள் முன்னேற்றம் என்று நம்பிக்கொண்டிருந்தது அவள் தந்தது. அதுதான் அதிகம் உறுத்தியது.

அடுத்த சோதனைக்கு முன், "முழுசா எழுது. இல்லையெண்டா நான் பேப்பரே எழுத மாட்டன்" என்று அவளிடம் சொன்னான். எழுதினாள்.

அன்றிரவு வாப்பா கேட்பதற்கு முன் அவனே சொன்னான்: "எனக்கு ஐம்பத்தாறு. அப்னாவுக்கு எண்பத்தொண்டு."

வாப்பா பிசைந்த கையை நிறுத்தினார். "போன முறை இவளுக்கு ஐம்பதுதானே?"

"அது எனக்காகக் குறைச்சி எழுதின வாப்பா. நீங்க கட்டாருக்கு அனுப்பிருவீங்க எண்டு."

"காக்கா!" என்றாள் அப்னா.

"நான் சொன்ன கதைக்காகவா?" வாப்பா அவளைத்தான் கேட்டார். அவள், "ஓம்" என்றாள். உம்மா கறிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.



"நான் சொன்ன பெரிய பரீட்சைய. வகுப்புச் சோதனைய இல்ல" என்றார் வாப்பா. "அதில இவளுக்குக் கீழ வந்தா நீ போகத்தான் வேணும். சொன்னதுதான்."

"போறன் வாப்பா. இவ எனக்கு மேலதான் வருவா, இப்பவே சொல்றன்."

"அப்ப என்னத்துக்கு இன்னும் படிக்கிறாய்?"

"பௌதிகவியல்ல ஒரு 'சி'யாவது எடுத்திட்டுப் போறன். ரெண்டு முறை 'எஸ்' எடுத்த பாடத்த அப்படியே விட்டுட்டுப் போக மனமில்ல."

வாப்பா செம்பை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

"இனிமே சாப்பாட்டில புள்ளி சொல்லத் தேவல்ல" என்றார். "ரெண்டு பேரும் திண்டுட்டுப் போய்ப் படிங்க."

அப்னா சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்திருந்தாள். ஸாஜித் அதை அவள் பக்கம் திருப்பி நகர்த்தினான்.

"திண்ணு புள்ள. ஆறுது."