செவ்வாய் இரண்டு மணி: பூட்டியிருக்கிறது

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினியில், எங்களோடு வேலை பார்க்கும் இனாஸ் என்ற பெண்ணின் நாட்காட்டியில், செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக் கட்டத்தின் மூலையில் கடுகளவு பூட்டுப் படம் ஒன்று இருந்தது. கெய்ரோவில் தரை ஓடு விற்கும் எங்கள் கம்பெனி முழுக்க அதைப் பார்த்தது. எழுதத் தெரிந்த பாவத்துக்கு நான் மட்டும் கதை என்று கிளம்பிவிட்டேன்.

முதல் தொடக்கம்: "நைல் நதியின் மேல் மாலைச் சூரியன் மெல்ல–" [அடித்துவிட்டேன். எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகள்.]

இரண்டாவது தொடக்கம்: "எங்கள் மேலாளர் டாக்டர் மித்ஹத் கடற்கரை விடுதியில் நிர்வாகப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது அவர் கையில் ஒரு சொல் இருந்தது."

இது நிற்கட்டும். அந்தச் சொல் வெளிப்படைத்தன்மை. (எதில் டாக்டர் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தால் இன்ஜினியர். மூக்குக் கண்ணாடியும் சேர்ந்தால் டாக்டர்.)

2

ஞாயிற்றுக்கிழமை, வாரம் தொடங்கும்போதே உத்தரவு வந்தது. மின்னஞ்சலில் இருக்கும் தங்கள் நாட்காட்டியை எல்லோரும் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். 'வேலையாக இருக்கிறார்' என்ற வெறும் நீலப் பட்டை போதாது. யாரோடு, எங்கே, எதற்கு என்பது வரை தெரிய வேண்டும்.

டாக்டரும் தன்னுடையதைத் திறந்தார். உள்ளே நீலப் பட்டைகள் மட்டும். பதவிக்கேற்ற வெளிப்படை.

கொள்முதல் பிரிவில் இனாஸுக்கு எதிர் மேசை ரம்ஸிக்கு. அவன் தன் பல் வைத்தியரைக்கூட எழுதி வைத்தான். இனாஸும் எல்லாவற்றையும் திறந்தாள், அந்த ஒரு கட்டத்தைத் தவிர.

"அதென்னம்மா செவ்வாக்கிழமை பூட்டு? மாப்பிள்ளை பாக்கப் போறியா?" என்றான் ரம்ஸி.

"இல்ல பாஷா. உனக்கு மூளை எங்கயாவது விக்கிறாங்களான்னு விசாரிக்கப் போறேன்."

"விலை ஜாஸ்தியா இருக்குமே!"

"உன் அளவுக்குச் சின்னதா கேட்டிருக்கேன்."

ரம்ஸி சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது, கொள்கைப்படி. அதனால் எனக்குக் கேட்டது.

"பிரிவுத் தலைவர் பதவிய உனக்குத்தான்னு வச்சிருக்கேன், மகளே. வியாழக்கிழமை அறிவிக்கணும். அந்தப் பூட்டைத் திறந்துடு."

"அது என் சாப்பாட்டு நேரம், டாக்டர்."

"சாப்பாட்டுல என்ன ரகசியம்? நான் கோஷரி திங்கறேன். சொல்லிட்டேன் பாரு!"

"சந்தோஷம். நான் சொல்லல."

3

டாக்டர் வேறு வழி பிடித்தார். செவ்வாய் இரண்டு மணிக்குத் தன்னோடு கூட்டம் என்று அவள் நாட்காட்டிக்கே ஓர் அழைப்பை அனுப்பினார்.

இங்கே அடிக்குறிப்பு மாதிரி ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் அழைப்பை மறுக்கும் வழக்கம் கிடையாது. 'வருகிறேன்' என்று அழுத்துவோம், இன்ஷா அல்லாஹ் என்போம், வரமாட்டோம். பல சமயம் அழைத்தவரும் வரமாட்டார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. 'மறுக்கிறேன்' என்றும் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இனாஸ் அதை அழுத்தினாள்.

டாக்டரே எழுந்து வெளியே வந்தார்.

"மறுத்திருக்கியா? என்னையா?"

"ஆமா டாக்டர். வர முடியாது, அதான்."

"வர முடியலன்னா, வர்றேன்னு போட்டுட்டு வராம இருக்க வேண்டியதுதானே! மரியாதை தெரிஞ்சவங்க எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"

"வெளிப்படையா இருக்கச் சொன்னீங்களே."

ரம்ஸிக்குத் தேநீர் புரை ஏறியது.

4

கதாசிரியனுக்கு எல்லாக் கட்டங்களும் திறந்திருக்கும் என்பது மரபு. ஆகவே பூட்டுக்குள் என்ன என்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்; பதவி அவளுக்கே. நீங்களும் ஒரு சொட்டு விட்டிருப்பீர்கள்.

இன்னொன்றில், எதிரிக் கம்பெனியில் நேர்காணல். கைதட்டல்.

மூன்றாவது, டாக்டரின் நீலப் பட்டைகள் தவறுதலாகத் திறந்துகொண்டு, உள்ளே 'தலைச்சாயம், முடி நடுபவரோடு ஆலோசனை, மாமியாருக்குத் தெரியாமல்–' [இதை ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது.]

மூன்றையும் கிழித்துவிட்டேன். டாக்டர் அவமானப்பட்டால் அவள் கட்டம் அவளுக்கு என்று ஆகிவிடுமா? தாயின் நோயைக் காட்டித்தான் ஒருத்தி தன் சாப்பாட்டு நேரத்தை மீட்க வேண்டுமென்றால், டாக்டர் மித்ஹத்தும் நானும் ஒரே வேலையைத்தான் பார்க்கிறோம். எனக்குச் சம்பளம் குறைவு, அவ்வளவே. அவள் உள்ளே சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கட்டுமே. உங்களுக்கு என்ன?

5

வியாழக்கிழமை பதவி ரம்ஸிக்குப் போனது. அவனே பஸ்பூஸா என்ற ரவை இனிப்பை வாங்கி வந்து மேசை மேசையாகக் கொடுத்தான். இனாஸ் முன்னால் வந்ததும் கை தயங்கியது.

"என் மேல கோவமா?"

"கோவம்தான், ரம்ஸி. எனக்கு வரவேண்டியது அது." அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். "அடுத்த செவ்வாக்கிழமையும் எனக்கு வரவேண்டியதுதான். அதை மட்டும் யாருக்கும் குடுக்கறதா இல்ல."

"நான் கேக்கல."

"கேட்டாலும் 'மறுக்கிறேன்'தான்."

அவளைத் தோற்றவள் என்று எழுத– [இல்லை. அவள் அப்படி நடக்கவில்லை.]

செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு மணிக்குச் சற்று முன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முடிவு இல்லாத கதையை யார் படிப்பார்கள் என்று நானும் பின்னாலேயே போனேன். லிஃப்டுக்குள் நின்று, கதவை ஒரு கையால் தடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க, உஸ்தாத்?"

"இல்ல… ஒரு கதை விஷயமா…"

"கதைக்குக் கால் இருந்தா அது தனியா வரட்டும்."

கையை எடுத்தாள். கதவு மூடியது.

வாசகரே, எங்கள் லிஃப்ட் மெதுவாக இறங்கும். படிக்கட்டு இடது பக்கம் இருக்கிறது. ஓடினால் தெருவாசலில் அவளைப் பிடித்துவிடலாம். பிடித்து என்ன கேட்பது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வரவில்லை.