ஏழாம் பாறையும் கம்பி பிரஷும்

எண்ணெய்க் கப்பல் உடைந்து கடல் கறுத்துப்போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை, தண்ணீர் நன்றாக வற்றும் நாளில், பத்துப் பாறைகளில் சதுரச் சட்டத்தை வைத்து உள்ளே இருக்கும் சிப்பிகளை எண்ணுவது அவள் வேலை. ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே 'சிப்பிக்கணக்கு'. ஒன்பது பாறைகளில் சிப்பி திரும்பிவிட்டது. ஏழாவது மட்டும் பிடிவாதமாகப் பூஜ்யம். பத்திலும் வந்தால்தான் சிப்பி எடுக்கக் கரையைத் திறப்பார்கள். இந்த முறையும் வராவிட்டால் இன்னும் ஐந்து வருடம் பூட்டுதான்.

அவள் கணவரோ சிப்பி எடுத்தே வளர்ந்த மனிதர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

"இந்தத் தடவையும் முட்டைன்னா படகை வித்துடறேன். ஞாயித்துக்கிழமை ஆள் வர்றான்" என்றார் காலையில்.

ஏழாம் பாறையில் ஒரு வருடப் பாசி அப்படியே கிடப்பதைப் பார்த்ததும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நிழலில் கிடக்கும் பாறை; பாசி மண்டிச் சட்டத்தைப் பொருத்தும் ஆணிகூடத் தெரியாது. அதனால் எண்ணுமுன் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்துவிடுவாள். முழங்கால் ஆபரேஷனால் போன வருடம் அவள் வரவில்லை. ஆய்வகத்து டிரைவர்தான் வந்து எண்ணினான். அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏழாம் பாறையைத் தேய்ச்சியா இல்லியா?"

"கை வலிச்சுதுக்கா. மேலாகப் பார்த்தேன், ஒண்ணும் தெரியல. பூஜ்யம்னு போட்டுட்டேன்."

"சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா!"

போனை வைத்துவிட்டு பிரஷை ஓங்கினாள். பாசிக்குள் ஏதோ கறுப்பாக மின்னியது. விரலால் விலக்கினால், அரிசி அளவில் சிப்பிக் குஞ்சுகள்! பாசி நாரை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தன. மூன்று முறை எண்ணினாள். நாற்பத்து மூன்று.

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. குஞ்சு பாசியில்தான் ஒட்டுகிறது என்றால், பத்து வருடமாக அதைப் பாசியோடு வழித்துக் கடலில் விட்டது யார்? அடிப்பாவி, நானேதானா!

எழுதாமல் விட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனாலும் எண்ணிக்கைக்குக் கீழே எழுதினாள்: 'இந்தப் பாறையின் பழைய பூஜ்யங்களை நம்ப வேண்டாம். எண்ணுமுன் நான் தேய்த்திருக்கிறேன்.'

சாயங்காலம் கணவர் வேன் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "கரையை இத்தனை நாள் பூட்டி வெச்சது எண்ணெய் இல்லீங்க, நான்தான்."

குழாய்த் தண்ணீர் அவர் காலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"பத்து வருஷமாவா?"

"ம்."

"இந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவன் நான். ஒரு நாளாவது அந்த பிரஷை இங்க கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வராதீங்க. படகுக்கு வேலை வந்துடுச்சு."