இரண்டு பேருக்கு ஒரு ஷூ

மணவாளன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதற்குள் எல்லப்பனுக்கு வியர்த்துவிட்டது. கக்கத்தில் இடுக்கியிருந்த அட்டைப்பெட்டி வேறு நழுவிக்கொண்டே இருந்தது. அதற்குள் இன்னொரு ஜோடி, புதுசு, எட்டாம் நம்பர், மவுண்ட் ரோட்டில் வாங்கியது. சிநேகிதனுக்கு ஷூ வாங்கிக் கொடுப்பதில் தப்பொன்றும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கொடுப்பதுதான் உறுத்தியது.

மணவாளனின் அம்மா ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள். “வாப்பா எல்லப்பா. நீதான் அவனுக்குச் சொல்லணும். திங்கக்கெழம மெட்ராசுக்கு இன்டர்வியூன்னு மறுபடியும் லெட்டர் வந்துகீது. போவமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். மூளை பத்தாதாம் அவனுக்கு. நீ ஒருத்தன்தான் அவன மறக்காம வந்துகினு கீற. நல்லா இருப்பே.”

அந்த வாழ்த்தை வாங்கி எங்கே வைப்பதென்று எல்லப்பனுக்குத் தெரியவில்லை.

எண்பத்தைந்தில் மெட்ராசில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி எழுத்துத் தேர்வு வைத்தபோது, எம்.எஸ்சி. கணக்கு முடித்திருந்த இரண்டு பேருமே தேறினார்கள். நேர்முகத்துக்கு ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள். ஷூ மட்டும் ஒரு ஜோடிதான். அதுவும் மணவாளனுடையது, வேலூர் மாமா வாங்கிக் கொடுத்தது. எல்லப்பன் வீட்டில் எல்லோருக்கும் களத்து வேலை. அந்த வம்சத்தில் ஷூவுக்குள் போன முதல் கால் அவனுடையது. ‘முதல்ல உன்னத்தான் கூப்புடுவாங்க, நீ போட்டுகினு போ. வந்ததும் எனக்குக் குடு’ என்று மணவாளன்தான் ஏற்பாடு செய்தான். மாடிப்படிக்கு அடியில் இருந்த பெஞ்சில் ரப்பர் செருப்போடு காத்திருந்தான்.

எல்லப்பனை நன்றாகத்தான் கேட்டார்கள். இன்னொரு அதிகாரியும் பார்க்க வேண்டுமென்று அப்படியே மூன்றாவது மாடிக்கு அனுப்பி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இருபது நிமிஷம் யாரும் அவனைச் சீண்டவில்லை. எதிரிலேயே படி. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். திரும்பி வருவதற்குள் கூப்பிட்டுவிட்டால்? வெறும் செருப்போடு நிற்பதா? ஷூவுக்குள் விரல்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். சாயங்காலம், ‘வெளிய உடவே இல்லடா’ என்றான். மணவாளன் நம்பினான். வேலை எல்லப்பனுக்கு மட்டும் கிடைத்தது.

போன வாரம் கேன்டீனில் மேலதிகாரி சக்கரவர்த்தி தோசையைப் பிய்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். “எண்பத்தஞ்சு இன்டர்வியூல ஒரு பையன், உங்க ஊர்ப் பக்கம்தான்யா. ரப்பர் செருப்பை வாசலிலேயே விட்டுட்டு, கோயிலுக்குள்ள வர்ற மாதிரி வெறுங்காலோட வந்தான். மூணு கணக்கும் கரெக்ட்! ஆனா அவனை எப்படிக் கஸ்டமர் முன்னாடி நிறுத்தறது?” மேஜையே சிரித்தது. எல்லப்பனும் சிரித்தான். மணவாளன் வீடு மாதிரி தறி இருக்கிற வீட்டுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை, அந்தப் பழக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆட்கள் போதாமல்தான் பழைய பட்டியலிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் வரவில்லை என்று மணவாளன் எல்லப்பனுக்கு எழுதிய போஸ்ட்கார்டு அதற்கு இரண்டு நாள் முன்பே வந்திருந்தது.

மணவாளன் தறிக்குழியில் கால்களை விட்டு நெய்தபடி உட்கார்ந்திருந்தான். “கார்டுலதான் எழுதிட்டேனே. இதுக்கோசரம் பஸ் ஏறி வரணுமா?”

“ஒரு வாட்டி போய்ப் பாருடா.”

“பாத்தாச்சே. மூணு கணக்கு போட்டேன். அந்த ஆளு ஒண்ணும் கேக்காம, சரி போன்னுட்டாரு. தப்பா போட்டாத்தானே அப்பிடி?” சொல்லிவிட்டு, ஊடுநூல் ஓடும் நாடாவைக் குறுக்கே தள்ளினான். குரலில் வருத்தம்கூட இல்லை. இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது போலிருந்தது.

பெட்டியை வைத்துவிட்டு நைசாகக் கிளம்பிவிடலாம் என்றுதான் எல்லப்பன் வந்திருந்தான். ஆனால் இவனை எழுப்பப் பெட்டி போதாது. ஒரே ஒரு வார்த்தைதான் எழுப்பும். அதைச் சொன்னால் இந்த வீட்டில் தனக்கு இடமிருக்காது.

“மூணும் கரெக்ட்டுடா,” என்றான். “நீ வெறுங்காலோட போனதுதான். அந்த ஆளே சொன்னாரு, எல்லாரையும் வெச்சிகினு.”

நாடா பாதியில் நின்றது. “சிரிச்சாங்களா?”

“ம்.”

“நீ?”

எல்லப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “அன்னிக்கு என்ன யாரும் புடிச்சி வெக்கல. மேல சும்மாதான் உக்காந்திருந்தேன். இருபது நிமிஷம். எறங்கி வந்திருக்கலாம்.”

மணவாளன் குழியிலிருந்து கால்களை மெல்ல மேலே எடுத்தான். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்த எல்லப்பன் எதுவும் நடக்காமல், பெட்டியைத் தறியோரம் வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்து ஒரு காலில் ஷூவை மாட்டினான். பின்னாலேயே மணவாளன் வந்து அட்டைப்பெட்டியைத் திரும்ப அவன் பக்கத்தில் வைத்தான். சட்டைப்பையில் அந்தக் கடிதம் தெரிந்தது.

“திங்கக்கெழம போறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராத.”

மணவாளன் தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

உள்ளேயிருந்து ராஜம்மாள் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். “அவன் எங்கப்பா? ஆறிடும், ரெண்டு பேரும் குடிங்க.” எல்லப்பன் இரண்டையும் வாங்கிக்கொண்டான். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுமையாக, கைக்கொரு டம்ளரோடு படியிலேயே உட்கார்ந்திருந்தான்.